முசேவுக்கு ஒரு பத்திரிகை

"முசே, உங்களுக்கு வெக்கமே இல்லையா? நல்ல வீட்டுல வளர்ந்து, பிரெஞ்சுல பேரும் வச்சிக்கிட்டு, அடுத்தவங்க வீட்டு நந்தியாவட்டை அடியிலயா வந்து உக்காருவீங்க?"

புதுச்சேரி மூலக்குளத்தில் மாடி வீடு ஒன்றில் குடியிருந்த வருஷங்களில் எனக்கு அலாரம் தேவைப்பட்டதே இல்லை. எதிர்வீட்டு அக்காவின் இந்தக் குரல் போதும். பால் பாக்கெட் வருவதற்கு முன்னால் அது வந்துவிடும். ஓடிப்போய் ஜன்னலைத் திறப்பேன். கீழே எல்லாம் தயாராக இருக்கும்! ஒரு கையில் ஓஸ் பைப், மறு கையில் துடைப்பம், இடுப்பில் செருகிய முந்தானையோடு அக்கா. எதிரில், ஒரு காது மடங்கி, ஒரு காது நிமிர்ந்து, வந்த காரியம் முடிந்த நிம்மதியோடு ஒரு பழுப்பு நாய். அது ஓடாது. தலையைச் சாய்த்துக்கொண்டு முழுவதையும் கேட்கும். கேட்டு முடித்த பிறகுதான் கிளம்பும்.

நாய் அக்காவுக்குப் பக்கத்து வீட்டு மதாமுடையது. மதாம் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆனவர், வீட்டுக்காரரோடு இருந்தார். தெருவில் யாரும் அவர் பேரைச் சொன்னதில்லை, மதாம்தான். அந்த வீட்டு நாய்க்கு 'ஐயா' என்று அர்த்தம் வருகிற முசேவை விட்டால் வேறென்ன பேர் அமையும்? பேரே ஐயா ஆகிவிட்டதால் அக்கா அதை வாங்க போங்க என்றுதான் திட்டுவார். மரியாதை ஒரு சொட்டுக் குறையாத வசவு.

ஆனால் திட்டு நாய்க்கில்லை. அந்த வார்த்தைகள் முசேவின் நிமிர்ந்த காதில் பட்டு, மதில்மேல் ஏறி, மதாமின் சமையலறை ஜன்னலுக்குள் குதிக்க வேண்டியவை. குதிக்கும். உள்ளேயிருந்து பதில் வரும், 'கிளம்பு' என்பதற்கு மதாம் சொல்கிற பிரெஞ்சு 'அலே'யோடு.

"அலே, முசே, வீட்டுக்கு வா! சில பேருக்கு மண்ணு மேல இருக்கற அக்கறை மனுஷங்க மேல கெடையாது. நாம நம்ம வீட்டோட இருப்போம்."

"வீட்டோட இருந்தா நான் ஏன் முசே வாயத் தொறக்கப் போறேன்?"

"முசே, பதில் பேசாத. வா."

பாவம், அந்த ஜீவன் ஒரு வார்த்தையும் பேசியிருக்காது. பேசுகிற இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்க மாட்டார்கள். மதிலின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றுகொண்டு, நடுவில் நாலுகால் தந்தியாக ஒரு நாயை வைத்துக்கொண்டு, நாள் தவறாமல் இந்தக் கச்சேரி.

ஜாடை பேசுவது எல்லாத் தெருவிலும் உண்டு. பாத்திரத்தை நங்கென்று வைப்பார்கள், பிள்ளையை அடிக்கிற சாக்கில் மாமியாரைத் திட்டுவார்கள். அக்கா முன்னால் அவர்களெல்லாம் கத்துக்குட்டிகள். அக்கா ஜாடையில் வாழ்ந்தார்! முக்கியமான ஒன்றைக்கூட அவர் மனிதரைப் பார்த்துச் சொன்னதில்லை. கதிர்காமம் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதித் தருகிற ஜன்னலில் அவருக்கு வேலை. ஒருநாள் காய்ச்சலோடு வரிசையில் நின்றிருந்தேன். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் பக்கவாட்டில் புகுந்து கையை ஜன்னலுக்குள் நீட்டினார். அக்கா அவரைப் பார்க்கவே இல்லை. அண்ணாந்து பார்த்தார். "ஏன் ஃபேனு, வயசானவங்க எல்லாம் வரிசையில நிக்கறாங்க, உனக்கு மட்டும் என்னா அவசரம்? நெஞ்சு வலியா? நெஞ்சு வலின்னா சொல்லு, ஸ்ட்ரெச்சர் வரச் சொல்றேன்." வரிசை மொத்தமும் மின்விசிறியை அண்ணாந்து பார்த்துச் சிரித்தது. வெள்ளைச் சட்டை கடைசிக்குப் போய் நின்றது. எனக்குக் காய்ச்சல் பாதி அங்கேயே இறங்கிவிட்டது.

அக்காவின் வீட்டுக்காரர் பழைய மில் தொழிலாளி, இப்போது ஒரு கடையில் வாட்ச்மேன். சர்க்கரை வியாதி. அவரிடம் அக்கா ஒன்றும் சொல்ல மாட்டார், சர்க்கரை டப்பாவிடம் சொல்வார்: "இந்த வீட்டுல ஒருத்தரு திருட்டுத்தனமா உன்னத் தொறக்கறாரு. கையப் புடிச்சிக்கோ, விடாத." என்னிடம்கூட ஹெல்மெட் போடச் சொன்னதில்லை. என் வண்டியின் சீட்டைத் தட்டி, "ஏம்மா, உன்ன ஓட்டறவருக்குத் தலை இருக்கறது உனக்காவது ஞாபகம் இருக்கட்டும்" என்றார். அன்று சாயங்காலமே போய் ஹெல்மெட் வாங்கினேன்.

வசவு மட்டுமென்று நினைத்துவிடாதீர்கள். மகள் நர்சிங் பாஸ் ஆன அன்று, அந்தப் பெண் பக்கத்திலேயே போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், அக்கா அவளைத் தொடக்கூட இல்லை. நேராகச் செம்பருத்திச் செடியிடம் போய், கிளையைப் பிடித்து உலுக்கி, "கேட்டியாடி, கேட்டியா, நம்ம பொண்ணு பாஸாயிட்டா!" என்று கத்தினார். பூவெல்லாம் உதிர்ந்தது. மகள் அழுதுகொண்டே பொறுக்கினாள்.

ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன்.

"நேரா சொன்னா அவங்க நேரா பதில் சொல்லியாவணும் தம்பி. பாவம், மாட்டிக்குவாங்க. இப்பிடிச் சொன்னா, புடிச்சா எடுத்துக்கலாம். புடிக்கலையா, காதுல விழாத மாதிரி போயிடலாம்."

இதையும் ஓஸ் பைப்பைப் பார்த்துத்தான் சொன்னார்.

மதாமோடு பேச்சு நின்ற கதையை வீட்டுக்காரர்தான் எனக்குச் சொன்னார். மகளுக்கு மஞ்சள் நீராட்டு. அக்கா ஊர் ஊராகப் போய்த் தட்டு வைத்து அழைத்திருக்கிறார். பக்கத்து வீடுதானே, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார். வேலை மேல் வேலை, கடைசி நாள் வந்துவிட்டது. போனைப் போட்டு, "பக்கத்துலதானே இருக்கீங்க மதாம், வந்துடுங்க" என்றாராம். மதாம் வரவில்லை. வாசற்கதவைக்கூடத் திறக்கவில்லை. 'நாலு அடி நடந்து வந்து கூப்பிட முடியலையா' என்பது மதாமின் நியாயம். 'நாலு அடி நடந்து வர முடியலையா' என்பது அக்காவின் நியாயம். அந்த நாலு அடி அப்படியே கிடந்தது. அந்த நாலு அடியை முசே மட்டும் தினமும் நடந்தது.

கம்பி கேட்டுக்கு அடியில் நுழையும். செங்கல் வைத்தால் மேலே தாவும். அக்கா விட்டாரா? எலுமிச்சைத் தோல் போட்டார், அந்துருண்டை போட்டார். முசே அந்துருண்டையை முகர்ந்துவிட்டு, தள்ளிப் போய் உட்கார்ந்தது. பிறகு யாரோ சொன்னார்களென்று சொட்டு நீலம் கலந்த தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றி கேட்டில் கட்டினார். நீலத்தைக் கண்டால் நாய் அண்டாதாம். உண்மையாகவே முசே மிரண்டுபோய் அக்காவுக்கு மறுபக்கத்து வீட்டுக்குப் போனது. மறுநாள் அந்த வீட்டிலும் நீல பாட்டில் தொங்கியது. அடுத்த நாள் அதற்கடுத்த வீட்டில். அடடா, அந்த வாரத்தை நான் எப்படிச் சொல்வேன்! காலை வெயில் ஏறியதும் தெரு முழுக்க நீலம் தளும்பும். சுவரில் நீலம், தரைமேல் நீலம், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளின் வெள்ளைச் சட்டையில் நீலம். கடல் அலுத்துப்போய் எங்கள் தெருவுக்கு வாடகைக்கு வந்த மாதிரி இருக்கும். எல்லா வீடும் நீலமான பிறகு முசே நிதானமாக யோசித்தது. எங்கும் நீலம்தான் என்றால், இருப்பதில் நல்ல இடம் எது? நந்தியாவட்டை அடிக்கே திரும்பி வந்தது.

மிளகாய்த்தூள் ஒரே ஒருநாள் தூவினார். முசே தும்மியது. தும்மித் தும்மித் தன்னையே சுற்றியது. துடைப்பத்தைப் போட்டுவிட்டு அக்கா உள்ளே ஓடி, சொம்பில் மோரோடு வந்தார். "மன்னிச்சிடுங்க முசே, மன்னிச்சிடுங்க. எல்லாம் எங்க வீட்டுக்காரர் குடுத்த யோசனை." வீட்டுக்காரர் அப்போது டியூட்டியில் இருந்தார்.

மதாமின் ஜன்னல் சொன்னது: "முசே, மோரக் குடிச்சிட்டே வா. உப்பு போட்டிருக்காங்களான்னு பாத்துக்க."

"நாய்க்கு உப்பு ஆவாது முசே. அது வளர்க்கறவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்."

முசே ஏன் அங்கேயே வந்தது என்பதை அக்காவே கண்டுபிடித்துத் துடைப்பத்திடம் சொன்னார். "தெருவே சிமெண்ட்டு. வாசலெல்லாம் டைல்ஸு. மண்ணுன்னு ஒண்ணு மிச்சம் இருக்கறது நம்ம வீட்டுல. விடியக்காலைல தண்ணி வேற ஊத்தி மெத்தையாட்டம் வச்சிருக்கோம். அவரு வேற எங்க போவாரு?" அன்றும் தண்ணீர் ஊற்றினார். மறுநாளும் ஊற்றினார்.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. முத்தியால்பேட்டை மாப்பிள்ளை. கல்யாணம் மண்டபத்தில் என்றாலும் பந்தக்கால் வீட்டு வாசலில்தான் நட வேண்டும். ஜோசியர் வந்தார், திசை பார்த்தார், ஈசானி மூலை என்று விரலை நீட்டினார். பந்தல் போடுகிறவரோடு நானும் அங்கே நின்றிருந்தேன். அந்த விரல் போன வழியே எல்லார் கண்ணும் போயிற்று. நந்தியாவட்டை அடி! அதேதான். அன்று காலை முசே வைத்துவிட்டுப் போனது இன்னும் முழுசாகக் காயக்கூட இல்லை.

அக்காவின் முகம் செத்துவிட்டது. மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, நவதானியம் முடிந்து, பால் ஊற்றி நடுகிற கம்பு. கல்யாணம் முடிகிறவரை அங்கே நிற்க வேண்டும். மகளின் வாழ்க்கையே அதில் சாய்ந்து நிற்கிற மாதிரி. அதன்மேல் ஒரு நாய் காலைத் தூக்கினால்?

"போய் ஒரு வார்த்தை சொன்னா ஆச்சு," என்றார் வீட்டுக்காரர். "நாயக் கொஞ்ச நாளு கட்டிப் போடுங்கன்னு."

அக்கா மதில்மேல் இருந்த காக்காவைப் பார்த்தார். "மொதல்ல யாரு பேசறதுன்னுதான் இத்தனை வருஷம் நின்னுக்கிட்டிருக்கு. இவருக்கு அது ஒரு வார்த்தையாம்."

ஆற்று மணல் வாங்கி வந்து சாக்கடையோரம் குவித்து, "முசே, உங்களுக்குன்னே தனி இடம்" என்று பவ்யமாகக் காட்டினார். முசே மணலில் ஏறிப் படுத்துத் தூங்கியது. தூங்கி எழுந்து, சோம்பல் முறித்து, நந்தியாவட்டைக்குப் போனது. எனக்குச் சிரிப்பு. ஆனால் அக்காவின் குரலில் சுருதி குறைந்திருந்தது. திட்டவில்லை, வெறுமனே அள்ளிக் கொட்டினார். நாளை மறுநாள் பந்தக்கால் என்ற நிலையில் அவர் அந்த மூலையையே பார்த்துக்கொண்டு நின்றதை மாடியிலிருந்து பார்த்தேன். கையில் துடைப்பமும் இல்லை, பைப்பும் இல்லை.

பந்தக்காலுக்கு முந்தின நாள் சாயங்காலம். ஆகா, அந்தச் சாயங்காலம்!

அக்கா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வெளியே வந்தார். தலை நிறையப் பூ. கையில் தட்டு, தட்டில் வெற்றிலை பாக்கு, சந்தனக் கிண்ணம், குங்குமச் சிமிழ், பத்திரிகை. பக்கத்தில் வீட்டுக்காரர், இஸ்திரி போட்ட சட்டையில், எதுவும் புரியாமல். மதாம் வீட்டை நோக்கி அந்த நாலு அடியை நடந்தார்கள். தெரு அப்படியே நின்றது. கறிகாய் வண்டிக்காரர் கூவுவதை நிறுத்தினார். நான் ஜன்னல் கம்பியில் நெற்றியை அழுத்திக்கொண்டேன்.

மதாம் வீட்டு கேட்டுக்கு முன்னால் முசே படுத்திருந்தது. அக்கா அதன் முன்னால் போய் நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"முசே, எங்க பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கோம்."

முசே எழுந்து உட்கார்ந்தது.

"போன்ல சொல்லல. நேர்ல வந்து சொல்றேன். நல்லாக் கேட்டுக்கோங்க, நேர்ல. போன தடவ சொன்ன மாதிரி சொல்லிட்டு உக்காந்திருக்கல. ரெண்டு பேருமா நடந்து வந்திருக்கோம். குடும்பத்தோட வந்துடணும். மொத நாளே வந்துடணும். நாளைக்குக் காலைல பந்தக்கால், அதுக்கும் நீங்க இல்லாம ஆவாது." குரல் லேசாக உடைந்தது. உடனே நிமிர்ந்தது. "வர்றப்ப மட்டும் கொஞ்சம் பாத்து, காலத் தூக்காம வரணும்."

குனிந்து முசேவின் நெற்றியில் குங்குமம் வைத்தார். பத்திரிகையையும் வெற்றிலையையும் எடுத்து கேட்டுத் தூணின்மேல் வைத்தார்.

மதாமின் ஜன்னலில் திரைச்சீலை ஆடியது, நின்றது. அக்கா திரும்ப ஓர் அடி எடுத்து வைத்தார். வீட்டுக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். அப்போது கதவு திறந்தது. மதாம்! கையில் ஒரு கிண்ணம். முசேவை மட்டும் பார்த்துக்கொண்டே படியிறங்கி வந்தார்.

"முசே, என்ன பாத்துக்கிட்டு நிக்கற? நல்ல காரியத்துக்கு வந்தவங்க தட்டு வெறுமனே திரும்பலாமா? இது கூடவா உனக்குச் சொல்லித் தரணும்?"

தட்டில் சர்க்கரையைக் கொட்டினார். அக்கா தட்டைப் பிடித்திருந்தார், மதாம் கிண்ணத்தைப் பிடித்திருந்தார், இரண்டு பேரும் நாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாய் சர்க்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. கீழே கறிகாய்க்காரர் தட்டியே விட்டார்.

மறுநாள் காலை மதாம் பட்டுப்புடவையில் வந்தார். பக்கத்தில், குளித்து, பவுடர் போட்டு, புதுச் சங்கிலியில் முசே. கம்பு நட ஐந்து சுமங்கலிகள் வேண்டும். விழுப்புரத்திலிருந்து வர வேண்டிய நாத்தனார் வந்துசேரவில்லை, நாலு பேர்தான் நின்றார்கள். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது.

அக்கா குனிந்தார். "முசே, உங்க வீட்டுல யாராவது கை குடுப்பாங்களா?"

"முசே, இந்தச் சங்கிலிய யாராவது புடிச்சாக் குடுக்க மாட்டோமா?" என்றார் மதாம்.

மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி ஓடிச் சங்கிலியைப் பிடித்தவன் நான். ஐந்து கைகள் கம்பைப் பிடித்தன. மஞ்சள், மாவிலை, பால். மதாமின் கை அக்காவின் கைக்கு மேலேயே இருந்தது. கம்பு நின்றதும் முசே என்னை இழுத்தது. இழுத்துக்கொண்டு நேராக ஈசானி மூலைக்குப் போனது. குலவை பாதியில் அறுந்தது. முசே கம்பை முகர்ந்தது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. ஜோசியர் கண்ணை மூடிக்கொண்டார். பின்னங்கால் லேசாகத் தரையை விட்டது…

"முசே!" இரண்டு பெண்களும் ஒரே மூச்சில் ஒரே குரலில் கத்தினார்கள்.

கால் இறங்கியது. முசே மூலையை விட்டு நடந்து, கேட்டைத் தாண்டி, எதிரே நிறுத்தியிருந்த என் வண்டியின் பின்சக்கரத்தில் நெடுநேரம் காலைத் தூக்கி நின்றது. அறுந்த குலவை திரும்ப எழுந்தது. அதைவிட மங்கலமான ஒன்றை என் வண்டி அதற்குப் பிறகு கண்டதில்லை.

கல்யாணம் முடிகிறவரை மதாம் விடியும்போதே முசேவைச் சங்கிலியில் கட்டி வில்லியனூர் ரோட்டோரக் காலிமனை வரைக்கும் நடத்திக் கூட்டிப் போனார். முழங்கால் வலியோடு. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மண்டபத்தில் அக்காவும் மதாமும் எதிரெதிரே வந்துவிட்டார்கள். அக்கா வாயைத் திறந்தார். கண் தானாகக் கீழே தேடியது. முசேவை மண்டபத்துக்குக் கூட்டி வரவில்லை. மதாமும் கீழேதான் தேடினார். இரண்டு பேரும் கைகூப்பி, தலையாட்டி, அப்படியே நகர்ந்தார்கள். மதாம் கிளம்பும்போது அக்கா ஒரு தூக்கில் சாப்பாடு கட்டி மதாமின் வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்பினார், முசேவுக்கு என்று. மூன்று பேர் சாப்பிடலாம்.

பந்தக்கால் பிரித்த மறுநாள் காலை முசே நந்தியாவட்டை அடியில் இருந்தது. அக்காவின் குரல் பழைய சுருதியில் தெருவை எழுப்பியது. மதாமின் ஜன்னல் பதில் சொன்னது. எனக்கு அப்பாடா என்றிருந்தது.

முசேவுக்கு வயதாகிவிட்டிருந்தது. ஒரு மழைக்காலத்தில் அது மதாமின் வாசலிலேயே தூங்கி, எழுந்திருக்கவில்லை. அக்கா போய் மதிலோரம் நின்றார். மதாம் மதிலின் அந்தப் பக்கம் நின்றார். யாரிடம் துக்கம் விசாரிப்பது? விசாரிக்க வேண்டியவர் கோணியில் சுற்றப்பட்டிருந்தார்.

அதற்குப் பிறகு தெரு தூங்கிக்கொண்டே இருந்தது. நான் வேலைக்குத் தாமதமாகப் போனேன். அக்கா விடியலில் வருவார், தண்ணீர் ஊற்றுவார், சுத்தமாக இருக்கிற மூலையைப் பார்ப்பார். "உனக்கு வேலை இல்ல போ" என்று துடைப்பத்திடம் சொல்லிப் பார்த்தார். குரல் மதில் ஏறவில்லை. துடைப்பம் அக்காவுடையது. அதற்காகப் பதில் சொல்ல மதாமுக்கு என்ன உரிமை? அந்த ஜன்னல் மூடியே கிடந்தது.

பிறகு ஒரு காலை.

"யாரு வீட்டு நாய்ங்க இது? வளர்க்கத் தெரியாதவங்க எதுக்கு வளர்க்கணும்? வந்த மொத நாளே அடுத்தவங்க தோட்டத்துலயா?"

போர்வையை உதறிவிட்டு ஜன்னலுக்குப் பாய்ந்தேன். நந்தியாவட்டை அடியில், தன் சின்னக் குட்டையில் தானே நனைந்து, கறுப்பும் வெள்ளையுமாக ஒரு குட்டி. நடக்கவே சரியாகத் தெரியாத குட்டி. கேட்டுக் கம்பியைத் தாவி அது தானாக வந்திருக்க முடியாது. அக்கா ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகிற ஒயர் கூடை படியில் கவிழ்ந்து கிடந்தது.

மதாமின் கதவு திறந்தது. மெதுவாக வந்தார். குட்டியைப் பார்த்தார். ஒயர் கூடையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு குனிந்து, குட்டியைத் தூக்கிப் புடவைத் தலைப்பில் துடைத்தார்.

"அலே, முசே, நம்ம வீட்டுக்குப் போவலாம். இங்கெல்லாம் வரக்கூடாது. இவங்க கோவக்காரங்க."

"கூட்டிக்கிட்டுப் போவச் சொல்லுங்க முசே. நாளைக்கு இந்தப் பக்கம் தலை வச்சீங்க, நடக்கறதே வேற!"

மதாம் உள்ளே போகிறவரை அக்கா பார்த்திருந்தார். அப்புறம் நந்தியாவட்டை அடியில் உட்கார்ந்து, இறுகிக் கிடந்த மண்ணை விரலால் கிளறிக் கிளறிப் பொலபொலவென்று ஆக்கி, தண்ணீர் தெளித்து வைத்தார்.